ஆயா ராக்காயியின் வயிற்றெரிச்சல்

செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ராக்காயியைத் தெரியாதவர்கள் இல்லை. ஆயாக் கொட்டகையில் அவள் தூக்கி வளர்க்காத பிள்ளை அந்த லயத்து வீடுகளில் இல்லை. தாய்மார்கள் இருட்டோடு இருட்டாகப் பால்மரம் வெட்டப் போகும்போது, தூக்கம் கலையாத குழந்தைகளை அவள் மடியில்தான் போட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. தாலி கட்டியவன் பேராக் பக்கம் வேலை தேடிப் போனான், போனவன் போனவனே. அதை நினைத்து அவள் உட்கார்ந்து அழுததில்லை. இத்தனை பிள்ளைகள் சுற்றி நின்று கத்தும்போது அழ நேரம் ஏது?

அந்தப் பிள்ளைகளிலும் ஒருத்தி தனி. இராசாத்தி. பெற்றவள் பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். தகப்பன் முருகையா நல்ல மனுஷன்தான், ஆனால் கைக்குழந்தையை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாதவன். துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "நீயே பாத்துக்க ராக்காயி" என்று கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து இராசாத்தி அவள் இடுப்பிலேயே வளர்ந்தாள். 'அத்தை அத்தை' என்று அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுக்க ராக்காயிக்கு ஆசைதான். செத்தவளுக்குச் செய்யும் துரோகமாகிவிடுமோ என்று அந்த ஆசையை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள்.

ராக்காயியின் சொத்து ஒன்றே ஒன்றுதான். கதை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த வாயில் நரியும் காக்காயும் ஏழு கொம்பு எருமையும் குடியிருந்தன. அவள் கதை சொன்னால் கேட்கிறவர்கள் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். அந்த 'உம்' கொட்டும் உரிமை இராசாத்திக்கு மட்டும்தான். வேறு பிள்ளை கொட்டினால் இராசாத்தி கிள்ளி வைத்துவிடுவாள். அந்தக் கிள்ளலைப் பார்க்கும்போதெல்லாம் ராக்காயிக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடினான். அரிசி ஓடியது. பள்ளிக்கூட வாத்தியார் ஊரைவிட்டுப் போனதில் பள்ளிக்கூடமும் மூடிக்கொண்டது. கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவில் மரவள்ளிக் கிழங்கு முளைத்தது. ஒரு நாள் லாரி வந்து, சயாமில் ரயில் ரோடு போடுவதற்கென்று ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது. முருகையாவும் அதில் ஒருவன். லாரி கிளம்பும்போது, "அத்தைய விட்டுப் போயிராத தாயி" என்று மகளிடம் கத்தினான். அந்த ஒரு வார்த்தையை ராக்காயி சாசனம்போல மனசில் எழுதி வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் இல்லாத பெரிய பிள்ளைகளும் இப்போது ஆயாக் கொட்டகைக்கே வந்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயசு. இராசாத்தியும் அந்த வயசுதான். கிழங்கைத் துருவி மாவெடுப்பது அவர்கள் வேலை. தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்ட துருவியில் கையைக் கிழித்துக்கொண்டு துருவுவார்கள். வலி தெரியாமலிருக்க ராக்காயி கதை சொல்வாள். அங்கேதான் முதல் இடி விழுந்தது.

"நரி சொல்லிச்சாம், காக்கா மாமா காக்கா மாமா..."

"ஆயா," என்று குறுக்கே விழுந்தான் பரஞ்சோதி. வாய்த்துடுக்குக்காரப் பயல். "நரிக்குப் பேசத் தெரியுமா?"

"கதையில பேசும்டா."

"அப்ப அத ஜப்பான்காரன்கிட்ட போயிப் பேசச் சொல்லுங்க. அரிசி குடுப்பானான்னு கேக்கட்டும்."

கொட்டகையே சிரித்தது. இராசாத்தியும் சிரித்தாள். 'உம்' கொட்ட வேண்டிய வாய் சிரித்துக்கொண்டிருந்தது. ராக்காயிக்கு முகம் சுண்டிப்போனது. இந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? போன வருஷம் வரை இதே நரிக்குக் கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தானே? அந்த வயசுப் பிள்ளைகளின் பசியே வேறு என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? தொட்டிலை விட்டு இறங்கியாயிற்று, பெரியவர்கள் வரிசையில் இன்னும் இடமில்லை. அப்பன் லாரியில் போனதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு நரி எதற்கு? தன்னைப் போலவே ஒரு பிள்ளை, தன்னந்தனியாக, பெரிய உலகத்தில் என்ன செய்தது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

அந்தப் பசிக்குச் சோறு போட ஒருத்தி வந்து சேர்ந்தாள். சீதாலட்சுமி. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசுவின் தங்கை. சுங்கைப் பட்டாணியில் அவள் புருஷனுக்குத் துணிக்கடை இருந்தது. சண்டை வந்த சமயத்தில் கடையைச் சூறையாடினார்கள். பயந்து காட்டுக்குள் ஒளிந்திருந்தபோது காய்ச்சல் கண்டு புருஷனும் போனான், ஒரே மகள் சந்திரிகாவும் போனாள். அண்ணன் வீட்டுக்கு அவள் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் மகளுக்கு வாங்கிக் கொடுத்திருந்த ஒரு கதைப்புத்தகமும்தான்.

மெட்ராசில் அச்சடித்த புத்தகம். அட்டையில் நீலக் கடல், அதில் ஒரு கப்பல், கப்பலின் உச்சியில் ஒரு கொடி. பொற்கொடி என்று ஒரு சிறுமி. அப்பா ஏறிப்போன கப்பல் திரும்பி வரவில்லை. அவரைத் தேடித் தானே கப்பலேறிவிடுகிறாள். சமையற்காரனுக்குக் காய்கறி நறுக்கிக் கொடுக்கிறாள், புயலில் சிக்குகிறாள், ஊர் ஊராக இறங்கி விசாரிக்கிறாள்.

முதல் நாள் சீதாலட்சுமி கொட்டகைக்கு வந்து, "பிள்ளைங்களுக்கு ஒரு கதை படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டபோது, ராக்காயி பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். நாலு நாளில் சலித்துவிடும் என்று நினைத்தாள். சலிக்கவில்லை. துருவி ஓடுகிற சத்தம்கூட மெல்லியதாகிவிட்டது. பரஞ்சோதி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். இராசாத்தி பழக்கத்தில் 'உம்' என்றாள்.

"புத்தகம் படிக்கும்போது உம் கொட்ட வேணாம்மா. அது பாட்டுக்குப் போகும்," என்றாள் சீதாலட்சுமி, சிரித்துக்கொண்டே.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ராக்காயிக்கு யாரோ நெஞ்சில் கொள்ளிக்கட்டையால் சுட்டமாதிரி இருந்தது. உம் வேண்டாமாம்! அது பாட்டுக்குப் போகுமாம்! கேட்கிற பிள்ளை வேண்டாத கதை என்ன கதை?

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் அந்த டவுன்காரிதான். அவள் சேலை மட்டும் எப்படி இன்னும் கிழியாமல் இருக்கிறது? அவள் குரல் மட்டும் ஏன் வெல்லப்பாகு மாதிரி ஒழுகுகிறது? இராசாத்தி காலையில் எழுந்ததும் சீப்பைத் தூக்கிக்கொண்டு யாரிடம் ஓடுகிறாள்? முன்பெல்லாம் ராக்காயிதான் அவளுக்குத் தலை வாரிவிடுவாள். இப்போது, "அக்கா நல்லா ரெட்டைச் சடை போடுவாங்க அத்தை," என்கிறாள்.

"போ, போயி அக்காகிட்டயே பேன் பாத்துக்க. நான் எதுக்கு?"

"ஏன் அத்தை கோவிக்கிறீங்க?"

"நான் யாருலா கோவிக்கிறதுக்கு? நரிக் கதைக்காரி."

பக்கத்து வீட்டுப் பாப்பம்மா வேறு சும்மாயிருக்கவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். "ஏண்டி ராக்காயி, ஒம் புள்ள கிராணி வீட்டுலயே கெடக்குதே. பெத்தவள விட வளத்தவ பெரிசும்பாங்க. இப்ப படிச்சவ பெரிசாயிட்டாளா?"

"ஒன் குடம் ரொம்பிருச்சு, தூக்கிட்டுப் போ," என்றாள் ராக்காயி. தன் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

எல்லாவற்றையும்கூடத் தாங்கியிருப்பாள். அந்த ஒரு சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

புத்தகம் முடிகிற கட்டத்துக்கு வந்திருந்தது. பொற்கொடி ஒரு துறைமுகத்தில் நிற்கிறாள், தூரத்தில் ஒரு கப்பல் தெரிகிறது. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சீதாலட்சுமி புத்தகத்தை மூடிவிடுவாள். "நாளைக்கு" என்பாள். மறுநாள் முதலிலிருந்து படிப்பாள். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் மூடினாள். இராசாத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கப்பல்ல அவ அப்பா இருக்காராம்மா? சொல்லுங்கம்மா!"

சொன்னபிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அக்கா என்பதற்குப் பதிலாக அம்மா என்று சொல்லிவிட்டோம் என்று. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சீதாலட்சுமியின் கண்கள் சட்டென்று நிறைந்துவிட்டன. பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கொட்டகையின் மூலையில், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு ராக்காயி மரமாய் நின்றாள். இத்தனை வருஷம் அவள் தன் ஆசையைப் பூட்டி வைத்திருந்தாளே, அந்தப் பூட்டை வேறொருத்தி எவ்வளவு சுலபமாகத் திறந்துவிட்டாள்! கடவுளே, இது என்ன நியாயம்?

அந்த வாரம்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சேதி வந்திருந்தது. வெள்ளைக்கார ராசா படம் வீட்டில் இருந்ததென்று ஒருவனை வெயிலில் மண்டிபோட வைத்து அடித்தார்களாம். லயத்தில் எல்லாரும் பழைய காலண்டர்களைக் கிழித்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரேஷன் வாங்க ஸ்டோர் வாசலில் கூட்டம் நின்றது. கிராணி கார்த்திகேசு அளந்து போட்டுக்கொண்டிருந்தார். பல்லி விழுந்தாலே நாலடி தள்ளிக் குதிக்கிற மனுஷன். ராக்காயியின் முறை வந்தது.

"கிராணியாரே, தங்கச்சியம்மா புஸ்தகத்துல கப்பல் மேல வெள்ளக்காரன் கொடி பறக்குதே. பயமில்லையா ஒங்களுக்கு?"

அவர் கையிலிருந்த படி நழுவித் தரையில் விழுந்தது.

புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார், அதோடு தொலைந்தது சனியன் என்றுதான் ராக்காயி கணக்குப் போட்டாள். கிராணியின் பயம் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகைக்கு ஓடினார். அட்டை, கடல், கப்பல், பொற்கொடி எல்லாம் அடுப்பில் போயின. சீதாலட்சுமி அலறிக்கொண்டு ஓடிவந்தபோது சாம்பல்தான் இருந்தது.

ராக்காயிக்கு அன்று சாயங்காலம் வரை ஒரு குளிர்ச்சி. பொய் சொல்வானேன், இருந்தது. நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் தன்னிடம்தான் வர வேண்டும்.

வந்தார்கள். கிழங்கைத் துருவினார்கள். "ஒரு ஊர்ல..." என்று ராக்காயி ஆரம்பித்தாள். 'உம்' வரவில்லை. இராசாத்தி துருவியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவ அப்பா கப்பல்லயே எரிஞ்சு போயிட்டாரு," என்றாள்.

"என்ன புள்ள ஒளர்ற?"

"கப்பல் எரிஞ்சிருச்சுல்ல? அவரும் எரிஞ்சிட்டாரு. எங்கப்பாவும் வரமாட்டாரு."

அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. கிழங்கை அவித்து, கருப்பட்டி தேடிப்பிடித்து, பிசைந்து வாயில் ஊட்டினால் துப்பினாள். இரண்டாம் நாள் உடம்பு சுட்டது. மூன்றாம் நாள் பாயைவிட்டு எழவில்லை. தோட்டத்தில் மருந்தில்லை, டாக்டர் இல்லை. அந்தக் காலத்தில் சாப்பாட்டை மறுக்கிற பிள்ளை எத்தனை நாள் தாங்கும்? ராக்காயி மாரியம்மனைக் கூப்பிட்டாள், முனியாண்டியைக் கூப்பிட்டாள். கடைசியில், யாரைக் கூப்பிடவே கூடாதென்று சபதம் போட்டிருந்தாளோ அவள் வாசலிலேயே போய் நின்றாள்.

"அம்மா, அந்தக் கதை எப்படி முடியும்? நீங்க படிச்சிருப்பீங்கல்ல? அவ அப்பன் வந்துட்டான்னு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. புள்ள சாகக் கெடக்குது."

சீதாலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"கொடின்னு சொன்னது நீதான்னு அண்ணன் சொன்னாரு."

"ஆமா, நாந்தான்! என்ன பண்ணப் போறீங்க? ஒங்களுக்கு வீடு இருக்கு, படிப்பு இருக்கு, நல்ல சேலை இருக்கு. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணு. அதையும் பிடுங்கிக்கிட்டா நான் என்ன கல்லா?"

"முதல் பக்கத்துல சந்திரிகா அவ பேர எழுதியிருந்தா, ராக்காயி. அவ கையெழுத்து அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு."

ராக்காயி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கதையில அப்பா கடல்ல செத்துப் போயிடறாரு," என்றாள் சீதாலட்சுமி மெதுவாக. "கப்பல்ல அவரோட சட்டை மட்டும்தான் வருது. அதனாலதான் கடைசி அத்தியாயத்துக்கு நான் போகவே இல்ல. திரும்பத் திரும்ப முதல்ல இருந்து படிச்சேன்."

"அப்ப வந்துட்டான்னு மாத்திச் சொல்லுங்க."

"மாட்டேன். அது சின்னக் குழந்தை இல்ல. நாளைக்கு முருகையா வரலேன்னா நம்ம ரெண்டு பேர் மூஞ்சியிலயும் அது முழிக்காது."

செத்தான் என்று சொல்ல முடியாது. வந்தான் என்றும் சொல்லக் கூடாது. ராக்காயி தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தரையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள். பேசப் பேசக் குரல் மாறியது. அவள் வாயிலிருந்து துறைமுகம் வந்தது, கப்பல் வந்தது. நரியும் காக்காயும் குடியிருந்த அதே வாய்தான். சீதாலட்சுமி கேட்டுக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இதுதான் சரி," என்றாள் கடைசியில். "வா, நீயே வந்து அவகிட்ட சொல்லு."

"நான் சொன்னா அது நரிக் கதை. நீங்க சொன்னாத்தான் புஸ்தகம்."

அதைச் சொல்லும்போது ராக்காயிக்குத் தன் வயிற்றில் பிறந்த பிள்ளையை அடுத்தவள் கையில் கொடுப்பதுபோல இருந்தது.

இராசாத்தியின் பாயைச் சுற்றிப் பிள்ளைகள் கூடினார்கள். வாசலில் பாப்பம்மாவும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். சீதாலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"கப்பல் வந்து நின்னுச்சு. ஆளுங்க இறங்கினாங்க. எல்லாரும் எலும்பும் தோலுமா, தாடியும் மீசையுமா இருந்தாங்க. எது அப்பான்னு பொற்கொடிக்கு அடையாளம் தெரியல. அவ ஒரு குடம் தண்ணி எடுத்துக்கிட்டா. இறங்கின ஒவ்வொருத்தருக்கும் குடுத்தா. தண்ணி குடிக்கும்போது எல்லாரும் தலையைத் தூக்குவாங்கல்ல? அப்ப முகத்தைப் பாத்தா. அந்தக் கப்பல்ல அவ அப்பா இல்ல. ஆனா தண்ணி குடிச்ச ஒருத்தர் சொன்னாரு, 'எம் பொண்ணும் எங்கேயோ இப்படித்தான் நின்னுக்கிட்டிருப்பா, நான் போறேன்'னு. சொல்லிட்டு வேகமா நடந்தாரு. பொற்கொடி மறுபடியும் குடத்தை ரொப்பிக்கிட்டு வந்தா. தூரத்துல இன்னொரு கப்பல் ஊதிச்சு."

பரஞ்சோதி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் அண்ணனும் அதே லாரியில் போனவன்தான்.

"அப்ப அவரு எரியல," என்றாள் இராசாத்தி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"எரியல. இந்தக் கதைய யாரு..." என்று ஆரம்பித்த சீதாலட்சுமி ராக்காயியின் பக்கம் திரும்பினாள்.

"புள்ளைக்கு மொதல்ல கிழங்கக் குடுங்க!" என்று ராக்காயி சத்தம் போட்டாள். "ஆறிப்போவுது. பேச்சு அப்புறம் பேசிக்கலாம்."

அவள் அவித்த கிழங்கு, அவள் தேடிப் பிடித்த கருப்பட்டி. இராசாத்தி அதைச் சீதாலட்சுமி கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு வாய், இன்னொரு வாய். சீதாலட்சுமி மடியிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

பாப்பம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "படிச்சவ படிச்சவதான்லா. என்னமா முடிச்சா பாரு! நீயும்தான் இத்தனை வருஷமா கதை சொன்ன, வடையத் தூக்கிட்டுக் காக்கா பறந்துச்சுன்னு."

ராக்காயியின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. 'அடியே, அது என் கதைடி!' என்று லயமே அதிரக் கத்தியிருப்பாள். இராசாத்தியின் கன்னம் மெல்ல அசைந்து கிழங்கை மென்றுகொண்டிருந்தது. அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே ராக்காயி பல்லைக் கடித்தாள்.

"ஆமா பாப்பம்மா, அவங்க நல்லாத்தான் சொல்றாங்க," என்றாள்.

உடம்பு தேறியதும் இராசாத்திக்கு ஒரே பிடிவாதம். தோட்டத்துச் செம்மண் பாதை பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டுமாம். அந்த வழியாகத்தான் ஆட்கள் நடந்து வருவார்களாம். யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை. முன்னால் இராசாத்தி சீதாலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு கதை பேசியபடி நடந்தாள். பின்னால் ராக்காயி நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க நடந்தாள்.

"அத்தை, சீக்கிரம் வாங்க!"

"வரேன்லா. குடம் என்ன பஞ்சா?"

முதலில் வந்தது ஒரு கிழவர். எந்தத் தோட்டத்துக்காரரோ, காலில் சாக்கைச் சுற்றியிருந்தார். இராசாத்தி தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவர் தலையைத் தூக்கிக் குடித்தார். இராசாத்தி அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். இல்லை. கிழவர் வாயைத் துடைத்துக்கொண்டு சீதாலட்சுமியைப் பார்த்துக் கைகூப்பினார். "நல்லா இருக்கணும் தாயி. ஒம் மகளா? ஒன்னய மாதிரியே இருக்குது."

சீதாலட்சுமி இல்லை என்று தலையாட்டினாள். கிழவர் அதற்குள் நடந்துவிட்டார்.

ராக்காயிக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. மகளாம்! ஒன்னய மாதிரியே இருக்குதாம்! கண் அவிந்த கிழவன்! அவரைத் துரத்திக்கொண்டு ஓடி, கையைப் பிடித்து நிறுத்தி, யார் மகள் என்று சொல்லிவிட்டு வரலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கிழவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் பெரிய ரோட்டில் இன்னும் நாலு பேர் தலை தெரிந்தது. இராசாத்தி குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட இல்லை.

"அத்தை!"

"தெரியுது, தெரியுது," என்று முணுமுணுத்தபடி ராக்காயி வெறுங்குடத்தைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "டவுன்காரிக்கு இடுப்பு இல்லையா என்ன, அவ ஒரு நடை போனா ஆகாதா?" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே, அந்த நாலு பேரும் வந்து சேர்வதற்குள் திரும்பிவிட வேண்டுமென்று குழாயடியைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.